மாமா சுற்றுலாப் பயணியாக இருந்த ஆறு மாதம்

என் தாய்மாமா ஆறு மாதம் இந்த நாட்டில் சுற்றுலாப் பயணியாக இருந்தார். அதில் முதல் மூன்று மாதம், ஒரு நாள் கோயிலுக்குப் போனதைத் தவிர, அவர் சுற்றிப் பார்த்த இடங்கள் எங்கள் வீட்டு முன் காம்பரா, அடுப்படி, வாசலில் இருக்கும் தண்ணீர்க் குழாய். குழாயடியிலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியாது. உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டுவிடுவாள்.

அவர் பிறந்தது இதே தேயிலைத் தோட்டத்தில்தான், எங்கள் லயத்துக்கு, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்கு, இரண்டு லயம் மேலே. பதினெட்டு வயதில் தாய் தகப்பனோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார். இரண்டு நாட்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து பேசி, உனக்கு இத்தனை பேர் எனக்கு இத்தனை பேர் என்று தோட்டத்துத் தமிழர்களான எங்களைப் பங்கு பிரித்துக்கொண்ட காலம் அது. அம்மா அதற்கு முன்பே கல்யாணமாகி அப்பா வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பா வீட்டார் இங்கே பிரஜைகளாகப் பதிந்திருந்ததால் அக்கா இந்தப் பங்கிலும் தம்பி அந்தப் பங்கிலும் விழுந்தார்கள். அங்கே மாமாவுக்கு நீலகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. தேயிலையை விட்டுப் புறப்பட்டவர் கடல் தாண்டித் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார். அங்கே நாற்பது வருஷத்துக்கு மேலாக அவருக்குச் சிலோன்காரர் என்று பெயர். இங்கே வந்து இறங்கிய அன்று எங்கள் லயத்துப் பிள்ளைகள் அவருக்கு இந்தியாக்காரத் தாத்தா என்று பெயர் வைத்தார்கள்.

அவர் வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். அப்பா செத்த பிறகு அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். காது கேட்கும், நாக்கு அசையும், இருமும்போது சத்தம் வரும். பேச மட்டும் மாட்டாள். பதுளையில் ஒரு டாக்டர், பண்டாரவளையில் ஒரு டாக்டர், பிறகு இன்னும் பெரிய டாக்டர் என்று காட்டினோம். எல்லோரும் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, மனசு சம்பந்தப்பட்டது என்றார்கள். அதை எங்கள் லயத்துக் கோழிகூடச் சொல்லும்.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. நாள் முழுக்க முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் சத்தத்தில் இருந்துவிட்டு வீட்டுக்கு வருகிறவள். உண்மையைச் சொன்னால், அம்மா பேசாத முதல் வாரம் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதிக்குத் தண்டனையாக இரண்டு வருஷம் கிடைத்தது. குளிப்பாட்டினேன், தலை வாரினேன், மாத்திரை கொடுத்தேன், எதிரே உட்கார்ந்து ஊர்க் கதையெல்லாம் சொன்னேன். தலையை மேலும் கீழும் ஆட்டுவாள், இல்லையென்றால் இடமும் வலமும் ஆட்டுவாள். மாமா போனில் முகம் காட்டிக் கூப்பிட்டபோது அதுவும் இல்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதன் பிறகுதான் மாமா பாஸ்போர்ட் எடுத்தார். தனக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, கல்யாணமாகாமல் வீட்டில் இருக்கும் மகளுக்கு ஒன்று. மூன்று பேருக்கும் முப்பது நாள் சுற்றுலா விசா. அவசரத்துக்குக் கிடைத்தது அதுதான்.

அவர்கள் வந்து இறங்கிய அன்று நான் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றிருந்தேன். மாமா செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே வந்தார். அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடியே அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“என்னடா இது, இப்புடி நரைச்சுப் போயி வந்து நிக்கிற. தலைக்கு எண்ணெ வாங்கித் தர ஆளில்லையா ஒனக்கு?”

தலைக்கு எண்ணெய் வாங்கித் தர வேண்டிய அத்தை பின்னாலேயே பையோடு நின்றிருந்தாள். வேறு நாளாக இருந்தால் அந்தச் சொல்லுக்கு ஒரு சண்டை நடந்திருக்கும். அன்றைக்கு அத்தை பையைப் போட்டுவிட்டு அழுதாள். மாமா அழுதார். நானும் அழுதேன், ஆனால் என் அழுகையில் பாதிதான் சந்தோஷம். மறு பாதி பொறாமை. இரண்டு வருஷம் பணிவிடை செய்தது நான், சொல் விழுந்தது மாமாவுக்கு.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் மோசம். அம்மா மாமாவிடம் மட்டும்தான் பேசினாள். எனக்குச் சொல்ல வேண்டியதையும் அவரிடமே சொன்னாள். நான் இரண்டடி தூரத்தில் சோறு போட்டுக்கொண்டு நிற்பேன். அம்மா தம்பியைப் பார்த்து, அவகிட்ட சொல்லுடா, ரசத்துல உப்பில்லைன்னு, என்பாள். மாமா என் பக்கம் திரும்பி, பாப்பா, ரசத்துல உப்பில்லையாம்மா, என்பார். நாற்பத்தாறு வயதில் எனக்குப் பாப்பா என்ற பட்டமும், என் சமையலுக்குத் தினசரி மூன்று அறிக்கைகளும் கிடைத்தன. அறிக்கை கசந்தாலும் குரல் கேட்டது. விருந்தும் மருந்தும் மூன்று நாளைக்கு என்பார்கள். எங்கள் வீட்டில் விருந்தாளிதான் மருந்து, அதுவும் முப்பது நாளில் காலாவதியாகிற மருந்து.

இருபதாம் நாள் மாமாவும் அத்தையும் பதுளைக்குக் கோயிலுக்குப் போனார்கள். காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பினார்கள். அந்த ஒரு நாள் அம்மா வாயே திறக்கவில்லை. மத்தியானம் சோற்றை வைத்துவிட்டு, உப்பு போதுமா என்று நானாகவே கேட்டேன். தலையைக்கூட ஆட்டவில்லை. மாமா போனால் அம்மாவின் குரலும் அவரோடு விமானம் ஏறிவிடும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். எப்படியாவது அவரை இங்கே நிறுத்தி வைப்பது என்று முடிவெடுத்தேன்.

முதல் நீட்டிப்பு இணையத்திலேயே முடிந்தது. பள்ளிக்கூடத்துக்கு மேலே இருக்கும் மேட்டில்தான் எங்கள் தோட்டத்தில் சிக்னல் அறுந்து போகாமல் கிடைக்கும். இடைவேளையில் அங்கே ஏறி நின்று மூன்று பேருடைய படிவத்தையும் நிரப்பினேன். நீட்டிப்புக்கான காரணம் என்ற இடத்தில் சுற்றிப் பார்ப்பதற்கு என்று எழுதினேன். அப்போதுதான் கீழே, பொய் சொல்லக் கூடாது என்று பிள்ளைகளிடம் நூறு தடவை எழுதி வாங்கிவிட்டு வந்திருந்தேன். இரண்டு மாதம் கிடைத்தது.

அதற்குள் வெளிநாட்டுக்காரர்கள் இந்த விலாசத்தில் தங்கியிருக்கிறார்கள் என்று கிராம சேவகரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது என்று யாரோ சொன்னார்கள். போய்க் கேட்டேன். வெளிநாட்டுக்காரர்கள் லயத்தில் தங்கியிருக்கிறார்களா என்று அவருக்கு ஆச்சரியம். நேரில் பார்த்துத்தான் கையெழுத்து வைப்பேன் என்றார். நல்ல சட்டை போட்டுக்கொண்டு மறுநாளே வந்தார். வந்தவர் முன் காம்பராவில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அம்மாவுக்கு வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த மாமாவிடம், அந்த வெளிநாட்டு ஆட்கள் எங்கே என்று கேட்டார். நான்தான் என்றார் மாமா. கிராம சேவகர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கடிதம் மட்டும் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்காமல் போனார்.

வீட்டில் இரண்டே காம்பரா, ஆறு பேர். என் கணவர் பண்டாரவளையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறவர், அதிகம் பேசாதவர். மூன்றாம் மாதம் முடியும்போது ஒரு நாள் சொன்னார், மற்ற ஊரில் டூரிஸ்ட் ஹோட்டலில் தங்குவான், நம்ம வீட்டில் டூரிஸ்ட் கட்டிலில் தங்குகிறான், நாம்தான் தரையில் கேம்ப் அடித்திருக்கிறோம் என்று. சொல்லிவிட்டுப் பாயை விரித்தார். அம்மா பேச வேண்டும் என்பதில் அவருக்கு என்னைவிட ஆசை. மாமியார் பேசாத வீடு கொடுத்து வைத்த வீடு என்று கடையில் யாரோ கேலி செய்ததற்கு அவர் சண்டைக்கே போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இரண்டாவது நீட்டிப்புக்கு நேரில் வரச் சொன்னார்கள். கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பெரிய அலுவலகத்துக்கு நாலு பேரும் போனோம். மொழிபெயர்க்க நான். வரிசையில் எங்களுக்கு முன்னும் பின்னும் அலைச்சறுக்குக்காரர்களும் யோகாக்காரர்களும் நின்றார்கள். எங்கள் முறை வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டே, இந்த மூன்று மாதத்தில் எங்கெங்கே பார்த்தீர்கள் என்று பேச்சுக்குத்தான் கேட்டார். நான் சிங்களத்தில் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் முந்திக்கொண்டார். அக்கா வீடு, ஒரு கோயில், வேறு எங்கும் போகவில்லை என்றார். அதில் அவருக்கு ஒரு பெருமை வேறு. அதிகாரி எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார். ஒரே ஒரு மாதம் கொடுத்தார். சுற்றுலா என்று எழுதிவிட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தால் எப்படி, அடுத்த முறை எதையாவது பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நான் ஆசிரியை. வீட்டுப்பாடம் கொடுத்தால் செய்துவிடுவது என் பழக்கம். அன்றைக்கு பஸ்ஸிலேயே பாடத்திட்டம் போட்டுவிட்டேன். சனிக்கிழமை ஒரு இடம், ஞாயிற்றுக்கிழமை ஒரு இடம். ஒவ்வொரு இடத்திலும் மூன்று பேரும் நிற்கும் படம், நுழைவுச் சீட்டு, இடத்தைப் பற்றி மூன்று மொழியில் இரண்டு வரி. எல்லாவற்றையும் ஒட்டி வைக்கப் பெரிய ஏடு ஒன்று. வீட்டில் ஒரே கஷ்டம், அம்மாவைப் பேச வைப்பதற்காக மாமாவை வைத்துக்கொள்ள வேண்டும், மாமாவை வைத்துக்கொள்வதற்காக அவரை அம்மாவிடமிருந்து சனி ஞாயிறு பிரித்துக் கூட்டிப்போக வேண்டும். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. அவகிட்ட சொல்லு, ஒன்ன ஊரூரா இழுத்துக்கிட்டு அலையறான்னு, என்று மாமாவிடம் புகார் சொன்னாள். மாமா கடமை தவறாமல் என்னிடம் சொன்னார்.

ஒன்பது வளைவுப் பாலத்துக்கு அம்மாவையும் கூட்டிப்போனோம். அங்கே வெள்ளைக்காரர்கள் தண்டவாளத்தில் படுத்தும் உட்கார்ந்தும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். நாம தண்டவாளத்துல நடந்து போனா ஓட ஓட வெரட்டுவானுங்க, இப்ப படுக்கச் சொல்லிப் படம் புடிக்கிறானுங்க, கேளுடா இந்த அநியாயத்த, என்றாள் தம்பியிடம். துன்ஹிந்தை அருவிக்குப் போகும் படியில் அத்தையின் முழங்கால் மக்கர் பண்ணியது. பாதியில் உட்கார்ந்துகொண்டு, தண்ணி கொட்டறத எங்க ஊருலயும் பாத்துக்கலாம் என்றாள். அங்கேயே ஒரு படம் எடுத்து, அருவிக்குப் போகும் வழியில் என்று எழுதி ஒட்டினேன்.

தியலும அருவிக்குப் போனது பெரகல வழியாக. சந்தியில் இறங்கி வடை வாங்கித் தின்றுவிட்டு வேறு பஸ் ஏறினோம். கொஸ்லந்தைப் பக்கம் போகும்போது பஸ்ஸில் இருந்த இரண்டொருவர் மீரியபெத்த மலையைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். என்னவென்று மாமா கேட்டார். மண் சரிந்து லயங்கள் ஆட்களோடு உள்ளே போன இடம் என்றேன். டிவியில் பார்த்தோம், அன்றைக்கு முழுக்க இங்கே இருக்கும் சொந்தக்காரர் ஒவ்வொருவருக்காகப் போன் அடித்துக்கொண்டிருந்தோம் என்றார். மாமா மகள் எதைக் கண்டாலும் வீடியோ எடுக்கிற பெண். அவளும் போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். அருவியில் அன்றைக்கு யாரும் சிரித்தபடி நிற்கவில்லை. ஏட்டில் அந்தப் படம் மட்டும் பாஸ்போர்ட் படம் மாதிரி இருக்கும்.

கடைசி இடமாக அப்புத்தளைக்கு மேலே ஒரு பழைய துரை பங்களாவை வைத்திருந்தேன். இப்போது அது ஹோட்டல். அங்கே வெளிநாட்டுக்காரர்களுக்குச் சேலையைக் கால்சட்டைக்கு மேலேயே சுற்றிவிட்டு, இடுப்பில் சாக்குப் படங்கு கட்டி, தலையில் கூடையை மாட்டிக் கொழுந்து எடுக்க விடுகிறார்கள். அரை மணி நேரம். அதற்கு ஒரு சீட்டு எடுக்க வேண்டும். நாங்கள் பங்களாவுக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு போய்விடுவதாகத்தான் திட்டம்.

ஆனால் கீழே ஒரு வெள்ளைக்காரப் பெண் முத்தல் இலையைக் கொத்தாகப் பிடித்துக் காம்போடு இழுத்துக்கொண்டிருந்தாள். அத்தை அதைப் பார்த்துவிட்டாள். அத்தையும் எங்கள் ஊவா மாகாணத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து கப்பலேறியவள். நீலகிரியில் முப்பத்தொரு வருஷம் கொழுந்து எடுத்தவள். ஐயோ, செடியக் கொல்றாளே, என்று முழங்கால் வலியை மறந்து இறங்கிப் போய்விட்டாள். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது என்று காட்டினாள். அவளுக்குப் புரியவில்லை. அத்தை கூடையைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். பிறகு இரண்டு கையும் செடிக்கு மேல் ஓடியது. நான் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவள், அப்படி ஒரு வேகத்தைப் பார்த்ததில்லை. கால் மணி நேரத்தில் கூடை பாதி நிரம்பியது. வெள்ளைக்காரர்கள் கை தட்டினார்கள். மாமா மகள் முழுவதையும் வீடியோ எடுத்தாள்.

ஹோட்டல் ஆள் ஓடி வந்தார். அவருக்கு ஒரு குழப்பம், இந்த அம்மா வேலைக்கு வந்தவரா பார்க்க வந்தவரா என்று. பார்க்க வந்தவர் என்றால் சீட்டு எங்கே என்றார். வம்பு வேண்டாம் என்று அத்தை பேரில் ஒரு சீட்டு எடுத்தேன். சீட்டு எடுத்தவர்களுக்கு முடிவில் ஒரு சான்றிதழும் உண்டாம். பூப்போட்ட ஓரம் வைத்த தாளில் அத்தையின் பெயரை எழுதி, இந்தச் சுற்றுலாப் பயணி தேயிலைக் கொழுந்து பறிக்கும் பயிற்சியை வெற்றிகரமாக முடித்தார் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அத்தை அதை என்னிடம் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

“முப்பத்தோரு வருசம் எடுத்தேன். ஒருத்தனும் ஒரு துண்டுப் பேப்பர் தந்ததில்ல.”

அதை மடிக்காமல் கொண்டுபோக ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கித் தரச் சொன்னாள். பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது நீட்டிப்புக்குப் போனபோது என் ஏடு இரண்டு கிலோ இருக்கும். இந்த முறை கண்ணாடிக்குப் பின்னால் என் வயது இருக்கும் ஒரு பெண் அதிகாரி. ஏட்டை ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் பார்த்தார். படத்துக்குக் கீழே இருந்த என் சிங்களத்தில் ஒரு பிழையைக்கூடத் திருத்தினார். காரியம் பழம் என்று நினைத்தேன். அப்போதுதான் மாமா மகள் உதவி செய்கிறேன் என்று போனை நீட்டி அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினாள்.

அதிகாரி பார்த்தார். திரும்பவும் போட்டுப் பார்த்தார். முகம் மாறியது. இவர் இங்கே வேலை செய்கிறாரா என்று கேட்டார். சுற்றுலா விசாவில் வேலை செய்யக் கூடாது, தெரியுமா என்றார். இல்லை இல்லை, அது சுற்றுலாப் பயணிகளுக்கான பொழுதுபோக்கு, எல்லா வெள்ளைக்காரர்களும் செய்வது என்றேன். அவர் போனைத் திருப்பி என்னிடமே காட்டினார். எந்த வெள்ளைக்காரர் இரண்டு கையாலும் இப்படி எடுப்பார் என்று கேட்டார். அதிகாரியின் அம்மாவும் மலைநாட்டுக்காரராம், தேயிலை எடுக்கிற கை எது என்று அவருக்குத் தெரியுமாம். அத்தையின் காதருகே குனிந்தேன்.

“சும்மா வெளையாட்டுக்கு எடுத்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லுங்க அத்தை.”

“தெரியாதுன்னா? எனக்குக் கொழுந்து எடுக்கத் தெரியாதுன்னு என் வாயால சொல்லணுமா? விசாவும் வேணாம் ஒண்ணும் வேணாம், நான் சொல்ல மாட்டேன்.”

இவர் என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். இது அவருக்கு மிகவும் பிடித்த பொழுதுபோக்காம் என்று நான் சிங்களத்தில் சொன்னேன். என் ஆசிரிய வாழ்க்கையில் செய்த மோசமான மொழிபெயர்ப்பு அதுதான். ஆனால் தெரியாது என்று சொல்ல மறுத்த அத்தை, தெரியும் என்பதற்கு அத்தாட்சி காட்ட நினைத்தாள். பையைத் திறந்து பிளாஸ்டிக் உறையை எடுத்துக் கண்ணாடியில் அழுத்திக் காட்டினாள். அதிகாரி அதை வாசித்தார். பயிற்சியை வெற்றிகரமாக முடித்த சுற்றுலாப் பயணி என்று தெளிவாக அச்சில் இருந்தது, தேதியும் முத்திரையும் இருந்தன. அதிகாரி கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும் வரை வரிசையே நின்றது.

பிறகு குரலைத் தாழ்த்தி, உண்மையில் எதற்காக இவர்கள் இவ்வளவு நாள் நிற்கிறார்கள் என்று என்னிடம் கேட்டார். எனக்கு அதற்குள் களைத்துவிட்டது. அம்மா பேசாமல் இருந்ததையும், தம்பியைக் கண்ட பிறகு பேசுவதையும், அவர் போனால் மறுபடி ஊமையாகிவிடுவாள் என்று நான் பயந்து சாவதையும் சொன்னேன். இதை முதல் தடவையே எழுதியிருக்கலாமே என்றார். எழுத இடம் எங்கே இருக்கிறது என்றேன். அவர் படிவத்தை எடுத்து மேலிருந்து கீழாகப் பார்த்தார். புரட்டிப் பின் பக்கமும் பார்த்தார். இல்லைதான் என்றார். இரண்டு மாதம் கொடுத்தார். இதோடு ஆறு மாதம் ஆகிறது, இதற்கு மேல் என்னாலும் முடியாது, போய்விட்டுத்தான் மறுபடி வர வேண்டும் என்றார்.

அந்த இரண்டு மாதமும் ஓடிவிட்டது. போய்விட்டு உடனே வருவதும் நடக்காது. மாமாவுக்கு வருஷத்துக்கு ஒரு முறை தான் உயிரோடு இருப்பதாகக் காட்டினால்தான் அங்கே பென்ஷன் வரும். இங்கே ஊர் சுற்றுகிறேன் என்று காட்ட வேண்டும், அங்கே சாகவில்லை என்று காட்ட வேண்டும், மனுசனுக்கு இதே வேலையாப் போச்சு, என்று அவரே அலுத்துக்கொண்டார். அத்தையின் முழங்காலுக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். அம்மாவின் எழுபத்தைந்து வயதில் அடுத்த வருஷம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

போகிற நாளைப் பற்றி அம்மாவிடம் மாமாதான் சொன்னார். புறப்படும் காலையில் மாமா கட்டிலருகே முழந்தாளிட்டு உட்கார்ந்து, போயிட்டு வர்றேன்க்கா என்றார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாமா அவள் முதுகைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். பண்டாரவளையில் அவர்களை பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்காவ பேச வச்சுரு பாப்பா” என்றார். பஸ் போன பிறகும் அந்த இடத்திலேயே நின்றேன். பேச வைக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் அம்மா பேசவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. சாப்பிட்டாள், மாத்திரையை விழுங்கினாள், படுத்தாள். தலையைக்கூட ஆட்டவில்லை. மாமா போய்ச் சேர்ந்துவிட்டதாக எனக்குத் தகவல் வந்தது. அதை அம்மாவிடம் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான், திரும்பவும் ஆரம்பித்துவிட்டது என்று என் கணவரிடம் அழுதேன்.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். சேலைகூட மாற்றாமல் சோற்றைப் போட்டுக் கொண்டுபோய் அம்மாவுக்கு முன்னால் வைத்தேன். அவள் தட்டைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள், கோபமாக.

“ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் படிச்சுக் குடுக்கற. இங்க பொறந்த என் தம்பிய இங்க வச்சுக்க ஒனக்கு ஒரு வழி தெரியல.”

இரண்டரை வருஷத்தில் அம்மா என்னிடம் சொன்ன முதல் பேச்சு அது. “தெரியலம்மா” என்றேன்.

அதற்கும் திட்டினாள். நீ என்ன டீச்சர் என்றாள், அந்த ஆபீஸ்காரியிடம் நீ சரியாகப் பேசியிருக்க மாட்டாய் என்றாள், என்னைக் கூட்டிப்போயிருந்தால் நான் கேட்டிருப்பேன் என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். நான் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து, இடையில் ஒரு வார்த்தை பேசாமல், அத்தனையையும் அழுதுகொண்டே கேட்டேன்.